நாலு பேருக்கு ஒரு போன்

ஜூலை 28, திங்கள்

பைண்டிங்கில் பக்கம் மாறிப்போனதால் கழித்த டைரி இது. அச்சகங்கள் நிறைந்த எங்கள் ஊரில் இந்த மாதிரி டைரிகள் எடைக்குக் கிடைக்கும். தேதியை நானே எழுதிக்கொள்கிறேன்.

பல்லூடக வடிவமைப்பு வகுப்பில் இந்த வருடம் முப்பத்திரண்டு பேர். பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக எனக்கு இது ஆறாவது வருடம். கௌரவம் என்றால், அடுத்த வருடப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். லேபில் பதினொரு கணினிகள், ஓடுபவை ஆறு. ஒரு நல்ல கேமரா உண்டு. துறைத்தலைவர் சிவசைலம் சாரின் பீரோவுக்குள் பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்கிறது.

இன்று முதல் செய்முறை வகுப்பு. இரண்டு செங்கல், ஒரு சைக்கிள் ட்யூப் துண்டு. போனை அசையாமல் நிறுத்த இது போதும் என்று காட்டினேன். சன்னலில் என் கணவர் தவமணியின் பழைய வேட்டியைக் கட்டினோம். வெயில் பாலாக மாறி உள்ளே இறங்கியது. ஒலிப்பதிவுக்கு மர அலமாரி, உள்ளே நாலு பழைய சேலை. அதற்குள் தலையை விட்டுப் பேசினால் எதிரொலி இருக்காது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்த பிறகு வரிசையாகத் தலையை விட்டார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

படம் எடுக்கிற தரத்தில் உள்ள போன் வகுப்பில் யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். எட்டுப் பேர் கை தூக்கினார்கள். எட்டும் பையன்கள். அதனால் நாலு பேருக்கு ஒரு போன் என்று எட்டுக் குழு பிரித்தேன். முறை வைத்து ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தாங்கள் வாழ்கிற இடத்தைப் பற்றி மூன்று நிமிடப் படம், ஆளுக்கு ஒன்று.

வளாகத்துக்குள் போன் கூடாது என்ற சுற்றறிக்கை போன மாதமே வந்துவிட்டது. சாரிடம் சொன்னேன். “நீங்க நடத்துங்கம்மா. எனக்குத் தெரியாத மாதிரி இருந்துக்கிடுறேன்” என்றார்.

வகுப்பு முடிந்ததும் மூன்றாவது குழுவிலிருக்கும் சுடர்க்கொடி வந்து நின்றாள். அந்தக் குழுவுக்கு நவநீதனின் போன்.

“மிஸ், பொண்ணுங்களுக்குத் தனியா குரூப் போட்டுடலாமா?”

“ஏன்? நவநீதன் ஏதாச்சும் சொன்னானா?”

“அவன் நல்ல பையன் மிஸ். அதுக்கில்ல.”

“நாளைக்கு வேலைக்குப் போற ஆபீஸ்ல தனித்தனியாவா உட்கார வைப்பாங்க?” என்றேன். அவள் சரி மிஸ் என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

அதே குழுவில் அழகுமீனா என்றொரு பெண். அப்பா பால்சாமி, ஆப்செட் அச்சகமொன்றில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். அங்கே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து டிசைன் செய்கிறவரைப் பார்த்துப் பார்த்துத்தான் மகளை இந்தப் படிப்பில் சேர்த்தாராம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பட்டன் போன்.

என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

“எங்கம்மா காலண்டருக்குத் தகரம் போடுவாங்க மிஸ். மேல ஒரு பட்டை இருக்கும்ல, அதை அமுக்கி அடிக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் காலண்டர்.”

“சரி, அதுல என்ன இருக்கு?”

கொஞ்சம் யோசித்தாள். “ஒரு காலண்டர்னா ஒரு வருஷம் மிஸ். அப்ப எங்கம்மா ஒரு நாள்ல ஆயிரம் வருஷத்துக்குத் தகரம் போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் சோறு வடிக்கிறாங்க.”

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆறு வருடத்தில் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை ஒரு மாணவியும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

தவமணிக்கு முதுகு வலி அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு இனி பஸ் ஓட்டவே கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு ரவை உப்புமா.

ஆகஸ்ட் 25, திங்கள்

அழகுமீனா முதல் வாரம் எடுத்ததைப் போட்டுக் காட்டினாள். அம்மாவின் முகமே இல்லை. கட்டைவிரல் மட்டும். நகம் ஒரு பக்கம் கறுத்துப்போன விரல். தகரம் விழுகிற சத்தம், நிறுத்தாமல். இடையில் அம்மா தும்முகிறாள், கை நிற்கவில்லை. போனைத் தரையில் செங்கல்மேல் வைத்து எடுத்திருக்கிறாள். நவநீதன், “என் போன்லயா இது எடுத்தது?” என்று மெதுவாகக் கேட்டான். அவன் அந்தப் போனால் எடுத்தது பூனைக்குட்டி.

பின்னணிக் குரல் இன்னும் பதிய வேண்டும், அம்மாவை இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்றாள். “இந்த சனி ஞாயிறும் நீயே வச்சுக்கோ. நல்ல படம் வரும்போது முறையெல்லாம் பார்க்க வேண்டாம்” என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

அழகுமீனா வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். ஊரெல்லாம் காய்ச்சல்தான்.

செப்டம்பர் 3, புதன்

ஒரு மாணவியின் அப்பா வந்திருந்தார். ஒரு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். சார் பேசி அனுப்பினார். எனக்கு மதியத்திலிருந்து தலைவலி.

செப்டம்பர் 4, வியாழன்

நாலாவது கணினியில் விசைப்பலகையைக் கழற்றித் துடைத்தேன். எறும்பு கூடு கட்டியிருக்கிறது. வரும் வழியில் கத்தரிக்காய், தவமணிக்கு மாத்திரை. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

நவநீதன் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. கேட்டதற்கு பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். அவனிடம் பைக் கிடையாது.

செப்டம்பர் 10, புதன்

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். சுடர்க்கொடி தானாக வந்து சொன்னாள்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, அழகுமீனா வீட்டில் தாய்மாமன் வந்திருந்தபோது அந்தப் போன் அடித்திருக்கிறது. மாமன் எடுத்திருக்கிறார். “டேய் நவநீதா” என்று ஒரு பையன் குரல். வைத்துவிட்டுப் போனைத் துருவிப் பார்த்திருக்கிறார். நவநீதனின் படங்கள். குழுவோடு வகுப்பில் எடுத்த படம் ஒன்று. அதில் அழகுமீனா சிரித்துக்கொண்டிருக்கிறாள். ‘எந்த ஊருப் பையன், எந்தத் தெரு’ என்று ஒரே நாளில் விசாரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“காலேஜ்ல குடுத்தாங்கன்னு அவ சொல்லியிருக்கா மிஸ். யாரும் நம்பல. எந்தக் காலேஜ்லடி ஆம்பளப் பையன் போனைப் பொம்பளப் பிள்ளை கையில குடுத்து விடுவாகன்னு கேட்டு அடிச்சிருக்காக.”

“அப்பாவுமா அடிச்சாரு?”

“மாமாதான். அப்பா அதுக்கப்புறம்தான் நம்ம காலேஜுக்கு வந்தாரு மிஸ். நீங்க பார்த்தீங்கல்ல?”

“நான் அதிகம் பேசல. சார்தான் பேசினாரு” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை அடுக்கினாள்.

செப்டம்பர் 22, திங்கள்

அழகுமீனாவுக்கு வருகை போட்டுவருகிறேன். திரும்பி வந்தால் தேர்வு எழுத வருகைப்பதிவு வேண்டும் அல்லவா. இது தப்புதான். ஆனாலும் என்னால் முடிந்தது இது.

நவநீதன் இனிமேல் போன் கொண்டுவர மாட்டானாம். மூன்றாவது குழுவை மற்ற குழுக்களில் சேர்த்துவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. செங்கல் ஸ்டாண்டு, வேட்டி, சேலை அலமாரி எல்லாவற்றையும் பார்த்தார்கள். குழுத்தலைவர் அலமாரிக்குள் தலையை விட்டுத் தன் பெயரைச் சொல்லிப் பதிந்து கேட்டு, குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். “இவ்வளவு குறைந்த செலவில் நடத்தும் துறையை நான் பார்த்ததில்லை. மற்ற கல்லூரிகளுக்கும் அனுப்பலாம். ஒரு கையேடாக எழுதிக் கொடுங்கள்” என்றார். சிவசைலம் சார் என்னைச் சுட்டிக்காட்டி, “எல்லாம் இவங்க உழைப்பு” என்றார்.

மாணவர் படைப்பு ஏதாவது காட்டச் சொன்னார்கள். அழகுமீனாவின் கட்டைவிரலைத்தான் போட்டேன். யாருடையது என்று கேட்டார்கள். “மூன்றாம் ஆண்டு மாணவி. இன்று விடுப்பு” என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்குத் தவமணிக்குச் சட்டை. எனக்கு எதுவும் வேண்டாம் என்று விட்டேன்.

சுடர்க்கொடி சொன்னாள்: அழகுமீனாவுக்கு மாமன் வழியில் இடம் பார்க்கிறார்களாம். கார்த்திகையில் இருக்கலாம். ஒரு தடவை போய்ப் பேச வேண்டும். தீபாவளி முடியட்டும்.

அக்டோபர் 29, புதன்

அகமதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றுகிற வேலை. போக முடியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

சாயங்காலம் தவமணி கேட்டார். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணும்னு ரெண்டு மாசமா சொல்ற. ஏன் போகல?”

“நேரமே இல்லையே.”

“காளீஸ்வரி, அன்னைக்கு அவங்க அப்பா வந்தப்ப நீ என்ன சொன்ன?”

இதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

பால்சாமி வேலை உடுப்போடு வந்திருந்தார். முழங்கை வரை காகிதத் தூள். நவநீதனின் போனைக் கர்சீப்பில் சுற்றிக் கொண்டுவந்து சார் மேசையில் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருறேன். இந்தப் போனைப் பிள்ளைக கையில குடுத்து விட்டது காலேஜுதானா?” என்றார்.

சார், “அப்படி ஒரு நடைமுறையே இல்லையே. போனே இங்க தடைதான்” என்று சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வருடப் பட்டியல் அந்த வாரம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் இந்தக் கட்டிலும் இந்த மாத்திரைகளும்தான் கண்ணில் தெரிந்தன.

“அப்படி எதுவும் சொல்லலைங்க” என்றேன்.

அவர் இரண்டு முறை தலையசைத்தார். போனை அங்கேயே விட்டுவிட்டு, கர்சீப்பை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

தவமணி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, “என்னால தானா?” என்றார். இல்லை என்றேன். இன்று இரண்டாவது பொய்.

நவம்பர் 12, புதன்

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

கையேடு எழுத உட்கார்ந்தேன். ‘குறைந்த செலவில் பல்லூடகக் கல்வி.’ வெளிச்சம் பற்றி ஒரு பக்கம், ஒலி பற்றி ஒரு பக்கம், இலவச மென்பொருள்கள் பற்றி இரண்டு பக்கம், எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. அடுத்து கருவிகள். ‘மாணவர்களிடம் உள்ள கைபேசிகளை நால்வர் கொண்ட குழுக்களாகப் பகிர்ந்து, வீட்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதிக்கலாம்’ என்று எழுதினேன்.

அதற்குமேல் கை ஓடவில்லை. இது நாலு கல்லூரிக்குப் போகும். நாலு ஊரில் நாலு பேர் இதை நம்பிச் செய்வார்கள். பால்சாமியிடம் நான் மறுத்த வாக்கியத்தை என் பெயர் போட்டு அச்சடிக்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

சுடர்க்கொடியைக் கூட்டிக்கொண்டு காலையில் போனேன். வாசலில் வாழைமரம் வாடிச் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் சுடர்க்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. கல்லூரியில் யாருக்கும் சொல்லவில்லை.

பால்சாமி என்னை அடையாளம் கண்டுகொண்டார். “வாங்க டீச்சர்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா உள்ளறையில் தரையில் உட்கார்ந்து தகரம் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீடாக இருந்தாலும் காலண்டர் டிசம்பருக்குள் போயாக வேண்டும். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கை நிற்கவில்லை.

நான் உட்காராமலே சொன்னேன். “அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். நாலு பேருக்கு ஒரு போன்னு ரூல் போட்டது நான்தான். அந்த சனி ஞாயிறு அழகுமீனாவையே வச்சுக்கச் சொன்னதும் நான்தான். வேலை போயிருமோன்னு பயந்துட்டேன். உங்க பொண்ணு உங்ககிட்ட சொன்னது அத்தனையும் நெசம்.”

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“நெசம்னு எனக்குத் தெரியும் டீச்சர்” என்றார். “எம் பிள்ளைய நான் சந்தேகப்படல.”

“பிறகு ஏன்...”

“எங்க மச்சினன் நம்பல. சாதிசனம் நம்பல. காலேஜ்ல குடுத்ததுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, எழுதி வாங்கிட்டுப் போயி அவுக முன்னால வைக்கலாம்னுதான் வந்தேன். லீவு சொல்லக்கூட நேரமில்லாம மெஷினை நிறுத்திட்டு வந்தேன். சண்டை போட வரல.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “நீங்க இல்லேன்னு சொன்னதும் எங்கிட்ட ஒண்ணும் இல்லாமப் போச்சு. அவகிட்டப் போயி என்னன்னு சொல்லுவேன்? ‘உங்க மிஸ்ஸும் இல்லேன்னுட்டாக’ன்னேன். அதுக்கப்புறம் அவ ஒரு வார்த்தை பேசல. பார்த்த மாப்பிள்ளைக்குச் சரின்னுட்டா.”

சுடர்க்கொடி அழ ஆரம்பித்தாள். எனக்கு அழக்கூடத் தகுதி இல்லை என்று தோன்றியது.

அவள் எங்கே இருக்கிறாள், பார்க்க முடியுமா என்று கேட்டேன். அருப்புக்கோட்டைப் பக்கம் என்று மட்டும் சொன்னார். “இப்பப் போகாதீங்க. போனு, காலேஜுன்னு யாராச்சும் வந்து நின்னா அவளுக்குத்தான் கஷ்டம்.”

கிளம்பும்போது உள்ளேயிருந்து அம்மா முதல்முறையாகப் பேசினார்.

“அவ எடுத்தது நல்லாயிருந்துச்சா?”

“வகுப்புலயே அதுதாங்க நல்ல படம்.”

“எங்ககிட்டக் காட்டல. முடிச்சிட்டுக் காட்டுறேன்னா.”

“நான் கொண்டுவந்து காட்டுறேன்” என்றேன்.

பால்சாமி வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார். “அதுல அவ குரல் இருக்கும் டீச்சர். இவ தாங்க மாட்டா.”

டிசம்பர் 2, செவ்வாய்

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு சிவசைலம் சாரிடம் கொடுத்தேன். விதியை மீறியது நான், பெற்றோரிடம் பொய் சொன்னது நான், எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன் என்று. நேற்று இரவே தவமணியிடம் படித்துக் காட்டியிருந்தேன். “கொடு” என்றார்.

சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அன்னைக்கு நான் ஏன் இல்லேன்னு சொன்னேன் தெரியுமாம்மா? அந்தாளு உங்க மேல புகார் கொடுக்க வந்துருக்காருன்னு நெனச்சேன். உங்களைக் காப்பாத்துறதா நெனச்சுத்தான் சொன்னேன். சொல்லிட்டு உங்களைப் பார்த்தேன். நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா நானும் சமாளிச்சிருப்பேன்.”

“என் பேரு பட்டியல்ல...”

“உங்களை எடுத்துட்டு நான் யாரை வைக்க? செங்கலையும் வேட்டியையும் வச்சு இந்த லேபை ஓட்ட வேற யாரு வருவா?” கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். “இதை நான் வாங்கல. இனி யாருக்கு இது வேணும்?”

எதை இழந்துவிடுவேன் என்று பயந்து அந்தப் பெண்ணை விட்டுக்கொடுத்தேனோ, அது என் கையை விட்டு ஒருபோதும் போவதாக இருந்ததில்லை. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது மணி வகுப்புக்குப் போனேன்.

டிசம்பர் 15, திங்கள்

கையேட்டைக் கொடுத்துவிட்டேன். கருவிகள் பகுதியில் குழுவும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதும் இல்லை. ‘துறையின் பெயரில் ஒரு கைபேசியாவது இருக்க வேண்டும். அதைக் கொடுக்கும்போதெல்லாம் துறை முத்திரையிட்ட சீட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். காரணம் எழுத இடமில்லை.

ஜனவரி 5, திங்கள்

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதல் செய்முறை வகுப்பு. என் போனையே லேப் போனாக வைத்துவிட்டேன். எனக்குத் தவமணியின் பழைய பட்டன் போன் போதும். இதை ஜூலையிலேயே செய்திருக்கலாம். அவ்வளவு சின்ன விஷயம்.

சீட்டு எதற்கு மிஸ் என்று ஒரு பையன் கேட்டான். செங்கலைக் கீழே வைத்துவிட்டு, பெயரும் ஊரும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன அந்தப் பொய்யையும் சேர்த்து. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். “அந்த அக்கா இப்ப என்ன பண்றாங்க மிஸ்?”

தெரியாது என்றேன்.